கறுப்புத் திரையில் கட்டளை: சாதாரணப் பயனருக்கு எப்படிப் புரியவைப்பது?

தேவகோட்டை வாசகரின் கேள்வி, 9 ஜூன் 2024

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் கணக்குப் பேரேடுகளை ஸ்கேன் செய்யும் உறவினர்களுக்கு, கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்ய நீங்கள் கற்றுக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் நெடுங்காலமாக டிடிபி கடை நடத்துகிறேன். பொத்தானைக் காட்டினாலே தயங்கும் மனிதர்களைத் தினமும் பார்க்கிறேன். இப்படி எழுதிக் கட்டளையிடும் கட்டளைவரி என்பது பொறியாளர்களுக்கானது. மற்றவர்களுக்கு அதைப் புரியவைக்க முயல்வது வீண்வேலை. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

9 ஜூன், இரவு

மறுப்பு இருக்கிறது. முதலில் அங்கே நடக்கும் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பங்காளிகள் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக் கூடியபோது, இரண்டாங்கட்டு அறையில் கட்டுக்கட்டாகக் கிடந்த பேரேடுகளையும் வட்டிச் சிட்டைகளையும் படமெடுத்து வைப்பதென்று முடிவாயிற்று. பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த கடைகளின் கணக்குகள் அவை. ஒரு பேரேட்டுக்கே சில நூறு பக்கங்கள் வரும். படங்கள் பெரிய பெரிய கோப்புகளாகவும், பாதிக்குப் பாதி பக்கவாட்டில் திரும்பியும் வந்து சேருகின்றன. அவற்றை நிமிர்த்தி, அளவைக் குறைத்து, பெயரிட்டு, பேரேடு ஒன்றுக்கு ஒரு பிடிஎஃப் என்று கோக்க வேண்டும். இமேஜ்மேஜிக் என்னும் இலவச மென்பொருளில் இதில் பெரும்பகுதி ஒரே வரியில் முடிந்துவிடும்.

வேலையை ஏற்றுக்கொண்டவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான ஓர் ஆச்சி. கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்வதில் அவருக்கு என்னைவிட வேகம் அதிகம். ஆகவே தட்டச்சு ஒரு தடையாக இருக்கவே இல்லை. கறுப்புத் திரையைத் திறந்து காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இது இப்ப எதைப் பாத்துக்கிட்டு நிக்குது?" என்பதுதான். கட்டளைவரி மென்பொருள் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் இந்தக் கேள்விக்குத் திரையில் பதில் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜன்னல்களும் சின்னங்களும் உள்ள மென்பொருளில் கோப்புறை கண்முன் விரிந்து கிடக்கிறது. கறுப்புத் திரையிலும் அந்தத் தகவல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சாய்கோடுகளும் டாலர் குறியும் கலந்த ஒரு சரமாக, படிப்பதற்கல்ல என்று தோன்றும்படி இருக்கிறது. நான் செய்த முதல் மாற்றம், கட்டளைக்காகக் காத்து நிற்கும் அந்தத் தூண்டுவரியில்தான். கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் என்னும் வகை நிரலான பாஷில், பிஎஸ்1 என்ற மாறியைத் திருத்தினால் தூண்டுவரியை விரும்பியபடி அமைக்கலாம். இப்போது அது கோப்புறையின் பெயரைத் தனி வரியிலும், அதற்குக் கீழே அங்கிருக்கும் படங்களின் எண்ணிக்கையையும் காட்டுகிறது. ஆச்சி ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் அந்த எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார். எண்ணிக்கை தாம் எதிர்பார்த்ததாக இல்லையென்றால் கையை எடுத்துவிடுகிறார்.

11 ஜூன்

கட்டளைகளின் பெயர்கள் ஏன் இப்படிக் குட்டையாகவும் புதிராகவும் இருக்கின்றன என்று காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கட்டளைகள் பிறந்த யூனிக்ஸ் என்னும் இயக்குதளம், 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய வேலை. அந்நாளில் திரை கிடையாது. டெலிடைப் மாடல் 33 போன்ற அச்சிடும் பொறிகள்தாம். அது நொடிக்குப் பத்து எழுத்துகள் அச்சிடும், விசைகளோ கனமானவை. எல்எஸ் (பட்டியலிடு), சிபி (நகலெடு), எம்வி (நகர்த்து), ஆர்எம் (அழி) என்று இரண்டெழுத்தில் பெயர் வைத்ததும், வேலை சரியாக முடிந்தால் நிரல் எதுவும் சொல்லாமல் இருந்ததும் அந்தப் பொறிக்குப் பொருத்தமாக இருந்தன. பொறி போய்விட்டது, பெயர்களும் மௌனமும் தங்கிவிட்டன.

11 ஜூன், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் வலியுறுத்தி வந்த பைப் என்னும் குழாய்முறை 1973-இல் யூனிக்ஸில் சேர்ந்தது. ஒரு நிரலின் வெளியீடு அப்படியே அடுத்த நிரலுக்கு உள்ளீடாகப் போகும். நடுவில் "வேலை நல்லபடியாக முடிந்தது" என்று ஒரு நிரல் அச்சிட்டால், அடுத்த நிரல் அந்த வாக்கியத்தையும் தரவாக எண்ணி விழுங்கிவிடும். ஆகவே வாயை மூடிக்கொண்டிருப்பது நல்ல பண்பாகக் கருதப்பட்டது.

14 ஜூன்

பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர், "அப்படியானால் மௌனம் சரிதானே, அதைக் கெடுத்தால் குழாய்முறை கெடும்" என்று வாதிடுகிறார். கெடாது. பிழைகளுக்கென்று யூனிக்ஸில் தனி வெளியீட்டுத் தடம் இருக்கிறது. அந்தத் தடத்தில் மனிதருக்கான செய்திகளை எழுதினால் குழாயில் போகும் தரவில் ஒரு துளியும் கலக்காது. அதோடு, தன் வெளியீடு மனிதர் பார்க்கும் முனையத்துக்கு, அதாவது கறுப்புத் திரைக்குப் போகிறதா, வேறொரு நிரலுக்குப் போகிறதா என்பதை நிரல் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையே இதைச் செய்கிறது: முனையத்தில் பார்த்தால் பெயர்களைப் பத்தி பத்தியாக அடுக்கும், குழாயில் விட்டால் வரிக்கு ஒரு பெயராகத் தரும். மனிதரோடு பேசும்போது பேசலாம், நிரலோடு சேரும்போது அடங்கலாம். இதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை, பழக்கம்தான் தடை.

ஆச்சியின் அனுபவத்தையும் சொல்கிறேன். முதல் நாள் முந்நூறு படங்களை நிமிர்த்தும் கட்டளையைக் கொடுத்துவிட்டு எழுந்துபோனார். திரும்பி வந்து பார்த்தால் திரையில் தூண்டுவரி மட்டும் நிற்கிறது. வேலை நடக்கவில்லை என்று எண்ணி மறுபடியும் அதே கட்டளையைக் கொடுத்தார். தொண்ணூறு பாகை திரும்ப வேண்டிய படங்கள் நூற்றெண்பது பாகை திரும்பித் தலைகீழாக நின்றன. அசல்கள் வேறு கோப்புறையில் இருந்ததால் சேதமில்லை. இதில் அவர் மேல் என்ன குறை சொல்ல முடியும்? வேலை முடிந்ததற்கும் தொடங்காததற்கும் திரை ஒரே முகத்தைக் காட்டினால், எவரும் அதைத்தான் செய்வார்.

15 ஜூன்

"தலைகீழ்ப் பேரேட்டில் பற்று வரவாகிவிடாதா?" என்று கேட்ட நண்பருக்கு: ஆகியிருந்தால் பங்காளிகள் யாரும் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள்.

18 ஜூன்

குட்டைப் பெயர்கள்தாம் மக்களை விரட்டுகின்றன என்ற கருத்து இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணி, கட்டளைகளுக்கு நீண்ட தமிழ்ப் பெயர்கள் வைத்துக் கொடுத்தேன். அந்தப் பெயர்களை ஆச்சி பயன்படுத்தவே இல்லை. காரணம் பேரேட்டைப் படிக்கத் தொடங்கியபோது விளங்கிற்று. அந்தக் கணக்குகள் முழுவதும் குறிகளால் ஆனவை. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று, ஒரு வரியில் பாதி குறிகளாகவே இருக்கும். எண்களும் தமிழ் எண்கள். பின்னங்களுக்குத் தனி எழுத்துகள். பின்னக் குறிகள், கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடுக்குள் வந்ததே 2019-இல் வெளியான 12-ஆம் பதிப்பில்தான். பெட்டியடிப் பையனாகக் கடையில் சேர்ந்த சிறுவன் இவை அனைத்தையும் கற்றுக்கொண்டு, அடுத்தாளாகி, ஏஜெண்டாகி அயல்நாட்டுக் கடையை நடத்தியிருக்கிறான். குறியீடு சுருக்கமாக இருப்பதில் அவனுக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை.

பேரேட்டைப் படித்துக் காட்ட வரும் பழைய கணக்கப்பிள்ளை ஐயா வேறொன்றைச் சுட்டினார். பேரேட்டில் ஒரு பதிவை அழித்துவிட்டு எழுதுவது கிடையாது. தவறாக எழுதிவிட்டால் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்வார்கள், பழையது பழையபடியே தெரியும். "உங்க மெஷின்ல அழிச்சா அழிஞ்சது தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆர்எம் கட்டளையில் குப்பைத்தொட்டி கிடையாது, அழித்த கோப்பைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. "அப்ப அதைப் பழகாதவங்க கையில குடுக்காதீங்க" என்றார். கொடுக்கவில்லை. அழிக்கும் கட்டளையை ஆச்சியின் கணினியில், கோப்பைக் குப்பைத்தொட்டிக்கு நகர்த்தும் டிராஷ்-சிஎல்ஐ என்னும் நிரலாக மாற்றிவைத்தேன். பெயர் புரியாததால் யாரும் கணினியைக் கண்டு பயப்படவில்லை. திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் பயம், அது நியாயமான பயமும்கூட.

19 ஜூன்

உறுதி கேட்கும் சேர்க்கையை, அதாவது கட்டளையோடு சேர்த்து எழுதும் கூடுதல் குறிப்பைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஆமா, இல்லையா என்று கேட்டால், பத்தாவது கோப்புக்குள் விரல் தானாக ஆமா போடத் தொடங்கிவிடும். மொத்தத்தையும் ஒரே முறை, எண்ணிக்கையோடும் கோப்புறைப் பெயரோடும் சொல்லிக் கேட்பது மேல். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியத்தை நீக்க வேண்டுமானால் அதன் பெயரை முழுமையாகத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். பெயரை எழுதும் அந்தச் சில நொடிகளில் மனம் ஒரு முறை நின்று பார்க்கிறது.

23 ஜூன்

பிழைச்செய்திகளைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துத் தட்டச்சு மையங்களில் பயின்றவர்களுக்கு, "தவறான கட்டளை அல்லது கோப்புப் பெயர்" என்று பொருள்படும் அந்த ஒற்றை ஆங்கில வரி நினைவிருக்கும். எது தவறு, கட்டளையா, கோப்பா என்பதைக்கூட அது சொல்லாது. இன்றைய நிலை அவ்வளவு மோசமில்லை, ஆனால் பெரிதாகத் தேறியும் விடவில்லை.

ஒரு நாள் நடந்ததை அப்படியே தருகிறேன். கோப்பின் பெயர் "பெரியவீடு கணக்கு 1936". ஆச்சி அந்தப் பெயரை மேற்கோள் குறி இல்லாமல் கட்டளையில் எழுதினார். ஷெல் இடைவெளியைக் கண்ட இடத்தில் வெட்டும். ஆகவே நிரலின் பார்வையில் மூன்று கோப்புகள் கேட்கப்பட்டிருக்கின்றன. திரையில் மூன்று வரிகள் வந்தன: பெரியவீடு, அப்படி ஒரு கோப்போ அடைவோ (கோப்புறையோ) இல்லை, கணக்கு, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை, 1936, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை. நிரல் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆச்சிக்கு அதில் புரிந்ததோ, மூன்று கோப்புகள் காணாமல் போய்விட்டன என்பது. வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

கேட்ட கோப்பு ஒன்றும் இல்லாதபோது, கேட்ட சொற்களை இடைவெளி விட்டுச் சேர்த்துப் பார்த்தால் அதே பெயரில் ஒரு கோப்பு கோப்புறையில் இருக்கிறதா என்று சோதிப்பது ஒரு நிரலுக்குப் பெரிய வேலையில்லை. இருந்தால், "இந்தப் பெயரில் இடைவெளி உள்ளது, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்" என்று சொல்லிவிடலாம், அந்த வரியை எழுதியும் காட்டலாம். நிரல்களின் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் மென்பொருளில் கட்டளையின் பெயரை ஓரெழுத்து மாற்றி எழுதினால், நெருக்கமான பெயரைத் தேடி எடுத்து "இதைத்தான் சொன்னீர்களா?" என்று கேட்கிறது. அந்த அக்கறை கோப்புப் பெயர்களுக்கும் வேண்டும்.

24 ஜூன்

கோப்புப் பெயரைத் தமிழில் வைத்ததுதான் வினை என்று கொத்தமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அந்தக் குற்றச்சாட்டை ஏற்கமாட்டேன். ஆனால் தமிழ்ப் பெயர்களில் வேறொரு சிக்கல் உண்டு, அவருடைய ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம்; எகரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிக்ஸ் வழியில் அமைந்த லினக்ஸின் கோப்பமைப்புகள் பொதுவாகப் பெயரை வெறும் பைட்டுகளாகவே பார்ப்பதால், அவற்றுக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். கோட்டையூரின் "கோ"வுக்கும் இதே கதி. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு, பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும். சென்னையிலிருந்து ஒரு பங்காளி தம்முடைய மேக்கில் தொகுத்து அனுப்பிய படங்களை இங்கே விரித்தோம். கண்முன் நிற்கும் கோட்டையூர்க் கோப்புறையை, "அப்படி எதுவும் இல்லை" என்று நிரல் சாதித்தது. ஆச்சி திரையில் விரலை வைத்து, "இதோ இருக்கே தம்பி" என்றார். அதற்கு என்ன விளக்கம் சொல்வது?

முனையத்தில் தமிழ் தெரியும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முனையம் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் வைக்கும்படி அமைக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் அடங்காத "ணௌ" போன்றவையும், மெய்க்கு முன்னால் கொம்பு வர வேண்டிய எழுத்துகளும் பல முனையங்களில் உடைந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் தெரிகின்றன. செய்திகளைத் தமிழாக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணுபவர்கள், தமிழாக்கும் முன் தங்கள் முனையத்தில் ஒரு பத்தியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

25 ஜூன்

டேப் விசையை அழுத்தினால் பெயர் தானாக நிரம்புமே, பிறகென்ன சிக்கல் என்று ஒருவர் திருத்தம் அனுப்பினார். நல்ல திருத்தம், பாதி. "கோ" என்று எழுதிவிட்டு டேப் அழுத்தினால், பிரித்த வடிவில் உள்ள பெயர் பொருந்தாது. "க" என்ற எழுத்தோடு நிறுத்திக்கொண்டு அழுத்தினால் இரண்டு வடிவங்களும் அகப்படும். ஆச்சிக்கு இப்போது அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காரணத்தைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பெயர் நிரம்புகிறது என்பது போதுமானதாக இருக்கிறது.

30 ஜூன்

தேவகோட்டை வாசகர் திரும்பி வந்திருக்கிறார். ஃபோட்டோஷாப்பில் ஒரு முறை செய்து பதிவுசெய்துகொண்டால் முந்நூறு படங்களுக்கும் அதையே ஓட்டலாம், தம் கடையில் அன்றாடம் அதைத்தான் செய்கிறோம் என்கிறார். உண்மை. ஒரே இடத்தில் ஒருவரே உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இந்த வேலை அப்படிப்பட்டதல்ல. பேரேடுகள் பங்காளிகளிடையே நான்கைந்து ஊர்களில் பிரிந்து கிடக்கின்றன. பொத்தான்களின் வழியைச் சொல்ல வேண்டுமானால் திரையைப் படம்படமாக எடுத்து, அம்புக்குறி போட்டு அனுப்ப வேண்டும். கட்டளை என்றால் ஒரு வரியை அனுப்பினால் போதும். ஆச்சி தம் வரிகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் அடியிலும் அது என்ன செய்யும், எந்தக் கோப்புறையில் நின்று கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு. அந்த நோட்டைப் பார்த்தே பள்ளத்தூரில் இன்னொருவர் வேலை செய்கிறார்.

வாட்ஸப் வழியாக அனுப்புவதில் மட்டும் கவனம் வேண்டும். நட்சத்திரக் குறிகளுக்கு இடையில் உள்ளதை அது தடித்த எழுத்தாக மாற்றி, குறிகளைக் கண்ணில் படாமல் மறைத்துவிடக்கூடும். பார்த்து எழுதுகிறவர் அவற்றை விட்டுவிடுவார். சில கைப்பேசிகளின் விசைப்பலகை இரண்டு சிறுகோடுகளை ஒரு நெடுங்கோடாகவும், நேரான மேற்கோள் குறிகளை வளைந்தவையாகவும் "அழகுபடுத்தி"விடும். ஷெல்லுக்கு இந்த அழகு ஆகாது.

3 ஜூலை

எண்களைத் தேர்ந்தெடுக்கும் தமிழ்ப் பட்டி (மெனு) ஒன்றை எழுதிக் கொடுத்தாலென்ன என்பது தேவகோட்டை வாசகரின் அடுத்த யோசனை. அதையும் செய்து பார்த்தாயிற்று. ஒன்றை அழுத்தினால் நிமிர்த்தும், இரண்டை அழுத்தினால் சுருக்கும். வேலை நடந்தது, மறுக்கவில்லை; புதிதாக வருபவருக்கு முதல் வாரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் பட்டியில் இல்லாத ஒன்று தேவைப்பட்டதும் எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். பிறகு பட்டியை வைத்துக்கொண்டே ஒரு மாற்றம் செய்தேன். எண்ணை அழுத்தியதும், தான் ஓட்டப்போகும் கட்டளையைப் பட்டி முழுமையாக எழுதிக் காட்டி, எத்தனை கோப்புகளைத் தொடும், அசலை மாற்றுமா, விளைவு எங்கே போய்ச் சேரும் என்று சொல்லிவிட்டு, சம்மதம் கேட்கும். அந்த வரியைப் பார்த்துப் பார்த்து ஆச்சி தாமே எழுதக் கற்றார்.

அசலை மாற்றுமா என்பதை ஏன் அவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளை, வேறு இடம் குறிப்பிடாவிட்டால் அசல் கோப்பின் மேலேயே எழுதிவிடும். ஆவணத்தில் அது எழுதியிருக்கிறது; ஓட்டும் நேரத்தில் நிரல் வாய் திறப்பதில்லை.

8 ஜூலை

உதவிப் பக்கங்களைப் பற்றி. யூனிக்ஸின் முதல் கையேடு 1971-இல் வந்தது. அதிலிருந்து வளர்ந்த மேன் பக்கங்கள் இன்றும் பெரும்பாலும், எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக அடுக்கி, எடுத்துக்காட்டுகளைக் கடைசியில், அதுவும் இருந்தால், வைக்கின்றன. தெரிந்தவர் மறந்ததைத் தேட அது சிறந்த அமைப்பு. தெரியாதவருக்கு அதில் நுழைய வாசலே இல்லை. டிஎல்டிஆர் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் நாலைந்து எடுத்துக்காட்டுகளை மட்டும் எழுதிவைக்கிறார்கள். ஆச்சியின் நோட்டும் அதே வடிவத்தில்தான் இருக்கிறது, அந்தத் திட்டத்தை அவர் பார்த்ததே இல்லை.

காப்புப்பிரதி எடுக்க ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் நிரலைப் பயன்படுத்துகிறோம். மூலக் கோப்புறைப் பெயரின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளிருப்பவை மட்டும் நகலாகும். இல்லாவிட்டால் கோப்புறையே உள்ளே போய் உட்காரும். ஓர் எழுத்து, இரண்டு விளைவுகள். அதோடு, மூலத்தில் இல்லாததை நகலிலிருந்து நீக்கும் சேர்க்கையும் உண்டு. நல்லவேளையாக, உண்மையில் எதுவும் செய்யாமல் என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லும் ஒத்திகைச் சேர்க்கையும் அதில் இருக்கிறது. ஆச்சி ஒத்திகை பார்க்காமல் அதைத் தொடுவதில்லை. சென்ற வாரம் ஒத்திகைப் பட்டியலில் ஐந்தொகைக் கோப்புறை முழுவதும் நீக்கப்படும் என்று வந்ததைக் கண்டு நிறுத்தினார்; மூலத்தில் அந்தக் கோப்புறையை யாரோ பெயர் மாற்றியிருந்தார்கள். இப்படிப்பட்ட நிரல்களில் ஒத்திகையே இயல்பாகவும், உண்மையான ஓட்டத்துக்குத்தான் தனிச் சேர்க்கை வேண்டும் என்றும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மாணவர் இதை ஒப்பவில்லை: ஏற்கெனவே எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான ஸ்கிரிப்டுகள் (கட்டளைத் தொகுப்புகள்) உடையும் என்கிறார். அதுவும் உண்மை. புதிதாக எழுதப்படும் நிரல்களுக்கு மட்டும் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

12 ஜூலை

பேரேடுகளைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு: படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்னும் நிரல் கையெழுத்தைப் படிக்காது, அது அச்செழுத்துக்கானது. பேரேடுகளோடு கிடைத்த அச்சிட்ட திருமண அழைப்புகளுக்கும் விளம்பரத் தாள்களுக்கும் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற நிரலைப் பயன்படுத்துகிறோம். அது உள்ளே டெசராக்டையே அழைக்கிறது, தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். நான் மேலே கேட்டவற்றில் சில அந்த நிரலில் இருக்கின்றன. பக்கம் பக்கமாக எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிறது. ஏற்கெனவே எழுத்துள்ள பிடிஎஃப்பைக் கொடுத்தால், மேலே எழுதாமல் நின்று, இந்தப் பக்கத்தில் எழுத்து இருக்கிறது என்று சொல்லி, மேற்கொண்டு செய்வதற்கான சேர்க்கைகளையும் கூறுகிறது. அவற்றில் எழுத்துள்ள பக்கங்களைத் தாண்டிப் போகும் சேர்க்கையைத்தான் ஆச்சி நோட்டில் எழுதிக்கொண்டார். மற்றொன்று பக்கத்தையே படமாக்கி, இருக்கும் எழுத்தை ஒதுக்கிவிட்டுப் புதிதாகப் படிக்கும். பழைய எழுத்துருவில் குப்பையாகத் தெரியும் கோப்புகளுக்கு மட்டும் அது உதவும். தேவகோட்டை அண்ணன் கடையில் அப்படிப்பட்ட பழைய டிடிபி கோப்புகள் நிறைய இருக்கும் என்று எண்ணுகிறேன். இரண்டை அனுப்பினால் ஆச்சியிடமே கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.